பெயரோடு துணைச்சொல்லும் சேர்ந்து வரட்டும்

(மொழி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகளுக்கு இலக்கணம் கற்பிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது தமிழ் இலக்கணமும் அன்று, ஆங்கில இலக்கணமும் அன்று. ஐரோப்பாவில் ஏட்ரியாடிக் கடலோரத்தில் குரோஷியா என்றொரு நாடு இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 39 லட்சம். அந்நாட்டு மொழியில் பெயர்ச்சொல்லின் பாலைக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் மொழியில் பால் பாடம் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். இரண்டு திணை, ஐந்து பால், நான்கு எடுத்துக்காட்டு, ஒரு பயிற்சி, அவ்வளவுதான். எளிதாக முடிந்துவிடுவதால், ஒரு குழந்தை எங்கே இடறும், ஏன் இடறும் என்பதை நாம் பார்ப்பதே இல்லை. இடறுகிற மொழி ஒன்றைப் பார்த்தால் இலக்கணம் கற்பிப்பதில் உள்ள சிக்கல் கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்தது. அண்ணன் ஆண்பால், தங்கை பெண்பால், மேசை ஒன்றன்பால். ஒரு பொருள் இன்னதென்று தெரிந்தால் அதன் பாலும் தெரிந்துவிடும். குரோஷிய மொழி அப்படியில்லை. அங்கே ஆண்பால், பெண்பால், நடுப்பால் என்று மூன்று. மேசைக்கு 'ஸ்தோல்' என்று பெயர், அது ஆண்பால். பள்ளிப் பை 'தோர்பா', பெண்பால். அடிக்கோல் 'ராவ்னாலோ', நடுப்பால். சூரியன் நடுப்பால், நிலா ஆண்பால், விண்மீன் பெண்பால். பொருளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மேசையில் ஆண் தன்மை என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

அப்படியானால் பால் எங்கே தெரிகிறது? பக்கத்தில் வரும் சொல்லில் தெரிகிறது. நாம் என் மேசை, என் பை, என் அடிக்கோல் என்கிறோம். 'என்' மாறுவதே இல்லை. அவர்கள் 'மோய் ஸ்தோல்', 'மோயா தோர்பா', 'மோயே ராவ்னாலோ' என்று சொல்ல வேண்டும். 'என்' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று வடிவம். 'புதிய' என்பதும் அப்படியே: 'நோவ்', 'நோவா', 'நோவோ'. 'விழுந்தது' என்பதும் மாறும். மேசை விழுந்தால் 'பாவோ', பை விழுந்தால் 'பாலா', அடிக்கோல் விழுந்தால் 'பாலோ'. ஒரு பெயரின் பால் தெரியாவிட்டால் அதைச் சுற்றி வரும் சொற்கள் எல்லாமே தவறிப்போகும். அதனால் இதை ஏதோ ஒரு சிறிய இலக்கணக் குறிப்பு என்று தள்ளிவிட முடியாது. வாக்கியமே அதன்மேல்தான் நிற்கிறது.

இனி வகுப்பறைக்குள் போவோம். குரோஷியாவில் தொடக்கப்பள்ளி எட்டு ஆண்டுகள். ஆறு, ஏழு வயதில் குழந்தைகள் முதல் வகுப்புக்கு வருகிறார்கள். முதல் நான்கு ஆண்டுகள் பெரும்பாலான பாடங்களுக்கு ஒரே வகுப்பாசிரியர். அதன்பின் பாடத்துக்கு ஓர் ஆசிரியர்.

வீட்டில் குரோஷிய மொழி பேசும் குழந்தை பள்ளிக்குள் நுழையும்போதே பால் இலக்கணத்தோடுதான் வருகிறது. வணக்கம் சொல்வதிலேயே அது தெரியும். காலையில் 'டோப்ரோ யூத்ரோ' என்று சொல்லும். பகலில் 'டோபர் டான்', மாலையில் 'டோப்ரா வெச்செர்'. மூன்றிலும் முதற்சொல்லுக்குப் பொருள் 'நல்ல' என்பதுதான். காலை நடுப்பால் என்பதால் டோப்ரோ. பகல் ஆண்பால் என்பதால் டோபர். மாலை பெண்பால் என்பதால் டோப்ரா. ஒரு நாளைக்கு மூன்று வணக்கம் சொல்லும் குழந்தை மூன்று பாலையும் சொல்லிவிடுகிறது. பால் என்ற சொல்லை மட்டும் அது இன்னும் கேட்டதில்லை.

ஆசிரியர் செய்யும் முதல் தவறு இங்கேதான் நேர்கிறது. குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததை விட்டுவிட்டு, கரும்பலகையில் விதியை எழுதிவிடுவது. விதி எளிமையானதுதான். மெய்யெழுத்தில் முடிந்தால் ஆண்பால். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால். 'ஓ', 'ஏ' என்று முடிந்தால் நடுப்பால். ஸ்தோல், தோர்பா, ராவ்னாலோ மூன்றும் அந்த விதிக்குள் அழகாக அடங்குகின்றன. பெரும்பாலான சொற்களுக்கு இது பொருந்தவும் செய்யும்.

பொருந்தாத சொற்கள் எவை என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். அங்கே அப்பாவுக்கு 'தாத்தா' என்று பெயர். அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். சிரிக்கிறீர்கள், முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். இரண்டும் 'ஆ'வில் முடிகின்றன. விதிப்படி இரண்டும் பெண்பாலாக இருக்க வேண்டும். ஆனால் 'மோயா மாமா' என்று சொல்லும் குழந்தை, 'மோய் தாத்தா' என்றுதான் சொல்லும். 'மோயா தாத்தா' என்று சொன்னால் அதற்கே சிரிப்பு வரும். வீட்டில் முதலில் பழகும் இரண்டு சொற்களில் ஒன்று ஈற்று விதிக்குள் அடங்கவில்லை.

அது மட்டுமில்லை. மாலை என்ற பொருளுடைய 'வெச்செர்' மெய்யில் முடிகிறது, ஆனால் பெண்பால். இரவு என்ற 'நோச்' அப்படியே. மகிழ்ச்சி என்ற 'ரடோஸ்த்' அப்படியே. சொல் என்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள 'ரியெச்' என்ற சொல்லும் மெய்யில் முடியும் பெண்பால்தான். மறுபக்கம், மார்கோ என்ற பையன் பெயர் 'ஓ'வில் முடிந்தாலும் ஆண்பால். வேலை என்ற 'போசாவோ'வும் ஆண்பால்தான். இவையெல்லாம் அன்றாடம் புழங்கும் சொற்கள். விதியை முதலில் கொடுத்துவிட்டால், குழந்தை தன் காதை நம்புவதை விட்டுவிட்டுக் கரும்பலகையை நம்பத் தொடங்கும். நேற்றுவரை சரியாகச் சொன்ன 'மாலை'க்கு இன்று தேர்வுத்தாளில் ஆண்பால் என்று எழுதும்.

ஆகவே அங்குள்ள வகுப்புகளில் ஒரு சிறு சோதனையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயருக்கு முன்னால் 'அந்த' என்ற சொல்லை வைத்துப் பார். ஆண்பாலுக்கு 'தாய்', பெண்பாலுக்கு 'தா', நடுப்பாலுக்கு 'தோ'. ஆண்பாலுக்குரிய சொல் நம் காதில் தாய் என்று விழுகிறதே என்று குழம்ப வேண்டாம். எது பொருந்துகிறதோ அதுதான் பால். இதையே 'மோய், மோயா, மோயே' வைத்தும் பார்க்கலாம். விதியைவிட இது நம்பகமானது. ஏனென்றால் இது ஈற்றைப் பார்க்கவில்லை, துணைச்சொல்லைப் பார்க்கிறது. பால் உண்மையில் இருக்கும் இடத்திலேயே தேடுகிறது.

பாடத்தை இந்த வரிசையில் நடத்தலாம். முதலில் பேச்சு மட்டும். வகுப்பில் உள்ள பொருள்களைக் கையில் எடுத்து 'என்' சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்று பெட்டிகள். மோய் என்று வந்தவை ஒரு பெட்டியில், மோயா என்று வந்தவை ஒரு பெட்டியில், மோயே என்று வந்தவை ஒரு பெட்டியில். இதுவரை ஆண்பால், பெண்பால் என்ற சொல்லே வர வேண்டாம். மூன்றாவது, பெட்டிகளைத் திறந்து சொற்களின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விதியைக் குழந்தைகளே சொல்வார்கள். நான்காவது, பொருந்தாத சொற்களைத் தனியே எடுத்து வைக்கட்டும். 'தாத்தா' ஏன் இந்தப் பெட்டியில் கிடக்கிறார் என்று கேட்கட்டும். கடைசியில்தான் பெயர் சூட்ட வேண்டும்: இந்தப் பெட்டிக்கு ஆண்பால் என்று பெயர், இதற்குப் பெண்பால், இதற்கு நடுப்பால்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேசை ஏன் ஆண் என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். அது வலிமையாக இருப்பதால் என்று கதை கட்டக் கூடாது. மேசைக்கு மீசை வரைந்து படம் ஒட்டக் கூடாது. ஆள் என்ற பொருளுடைய 'ஒசோபா' பெண்பால். அந்த ஆள் ஆணாக இருந்தாலும் பெண்பால்தான். குழந்தை என்ற 'டியேத்தே' நடுப்பால்; பையனோ பெண்ணோ, நடுப்பால்தான். கதை கட்டிய ஆசிரியர் இந்தச் சொற்களிடம் மாட்டிக்கொள்வார். "மேசை ஆண் இல்லை. மேசை என்ற சொல் 'மோய்' கூட்டத்தில் சேர்ந்தது" என்று சொன்னால் போதும். ஏழு வயதுக் குழந்தைக்கு அது புரியும். நம் தமிழிலும் குழந்தை அழுதது என்கிறோம். அதனால் குழந்தையை யாரும் பொருளாக நினைத்துவிடுவதில்லை.

இதுவரை சொன்னது வீட்டில் அந்த மொழி பேசும் குழந்தைக்கு. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மற்றக் குழந்தைகளைப் பற்றி.

குரோஷிய வகுப்பறையில் எல்லாக் குழந்தைகளும் ஒரே மொழியோடு வருவதில்லை. மேற்கே இஸ்த்ரியா பகுதியில் இத்தாலிய மொழி பேசும் குடும்பங்கள் உண்டு. வடக்கே மெஜிமூரியே பகுதியில் ரோமா சமூகத்துக் குழந்தைகள் பலர் வீட்டில் ருமேனிய மொழியின் ஒரு கிளையைப் பேசுகிறார்கள். 2022இல் போர் தொடங்கிய பிறகு உக்ரைனிலிருந்தும் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். இந்தக் குழந்தைகளிடம் போய், "எது பொருத்தமாக ஒலிக்கிறது என்று உன் காதைக் கேள்" என்றால் என்ன ஆகும்? அந்தக் காது இன்னும் உருவாகவில்லையே! துணைச்சொல் சோதனை, துணைச்சொல் ஏற்கெனவே தெரிந்த குழந்தைக்குத்தான் உதவும். தெரியாத குழந்தைக்கு அது பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்தது போல.

அவர்கள் ஒன்றும் தெரியாமல் வருகிறார்கள் என்றும் நினைக்கக் கூடாது. உக்ரைன் மொழியிலும் மூன்று பால் உண்டு. பல சொற்கள் அங்கும் இங்கும் ஒரே பாலில் இருக்கும். சூரியன் இரண்டிலும் நடுப்பால். ஆனால் மாலை என்ற சொல் உக்ரைன் மொழியில் ஆண்பால், குரோஷிய மொழியில் பெண்பால். எனவே அந்தக் குழந்தை மாலை வணக்கத்தைத் தன் மொழியின் வழக்கப்படியே தவறாகச் சொல்லும். இத்தாலிய மொழியில் இரண்டே பால். சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். குரோஷிய மொழியிலோ நிலா ஆண்பால். அந்தக் குழந்தை செய்யும் தவறு கவனக்குறைவால் வருவதில்லை. அது தன் வீட்டு மொழியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகிறது. இதை அறிந்த ஆசிரியர் சிவப்பு மையை எடுக்கும்முன் ஒரு கணம் நிற்பார்.

இன்னொன்று. குரோஷிய மொழியில் இறந்தகாலத்தில் 'நான்' என்று பேசும்போதுகூடப் பால் தெரியும். 'நான் வந்தேன்' என்பதைப் பையன் 'டோஷாவோ சாம்' என்பான், பெண் 'டோஷ்லா சாம்' என்பாள். நம் மொழியில் அந்தச் சிக்கல் இல்லை. யார் சொன்னாலும் வந்தேன் தான். அங்கே தொடக்க வகுப்பு ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். புதிதாக வந்த பையன் ஆசிரியையின் வாயைப் பார்த்து மொழி கற்கிறான். அவர் சொல்வதை அப்படியே திருப்பி, 'டோஷ்லா சாம்' என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அவன் செய்தது என்ன? ஆசிரியர் பேசியதைக் கவனமாகக் கேட்டுச் சொன்னான். அதற்குப் பரிசு அந்தச் சிரிப்பு. அதன்பின் அவன் வாய் திறக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது. இலக்கணப் பிழை ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். வாய் மூடிய குழந்தையிடம் திருத்துவதற்குப் பிழைகூட இருக்காது.

இப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன செய்யலாம்? நான்கு செயல்கள் சொல்கிறேன்.

முதலாவது, புதிய பெயர்ச்சொல்லைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. ஸ்தோல் என்று சொல்லாமல் மோய் ஸ்தோல் என்று சொல்லுங்கள். பொருள்களின்மேல் ஒட்டும் சீட்டிலும் துணைச்சொல்லோடுதான் எழுத வேண்டும். சொல்லட்டையிலும் அப்படியே. குழந்தை இரண்டையும் ஒரே சொல்லாகவே மனத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, தொடக்கத்தில் விதிக்கு அடங்கும் சொற்களை மட்டும் எடுங்கள். ஒரு பாலுக்கு ஐந்தாறு சொல் போதும். வீட்டு மொழியாகப் பேசும் குழந்தைக்கு விதி பின்னால் வர வேண்டும் என்றேன். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு ஈற்று விதி முன்னதாகவே ஒரு கைத்தடியாக உதவும். விதிவிலக்குகள் மெல்ல வரட்டும். 'மோய் தாத்தா', 'டோப்ரா வெச்செர்' போன்றவை மட்டும் முதல் நாளிலிருந்தே முழுத்தொடராக வாயில் பழகட்டும்.

மூன்றாவது, ஒரு பெயரைப் பல துணைச்சொற்களோடு சங்கிலியாகச் சொல்ல வையுங்கள். என் பை, ஒரு பை, புதிய பை, பை விழுந்தது. மோயா தோர்பா, யெட்னா தோர்பா, நோவா தோர்பா, தோர்பா யே பாலா. 'ஆ' ஒலி திரும்பத் திரும்ப வருவதைக் காது பிடித்துக்கொள்ளும். நாம் வாய்பாடு சொல்லவைக்கும் முறைதான் இது.

நான்காவது, திருத்தும் முறை. குழந்தை 'மோய் தோர்பா' என்று தவறாகச் சொன்னால், தவறு என்று நிறுத்த வேண்டாம். "ஓ, மோயா தோர்பாவா? அது எங்கே இருக்கிறது?" என்று பேச்சைத் தொடருங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது; பேச்சும் நிற்கவில்லை. அந்தப் பையனிடமும் இப்படித்தான். "நீ டோஷாவோ, நான் டோஷ்லா" என்று சிரித்த முகத்தோடு ஒருமுறை கை காட்டிச் சொன்னால் போதும்.

மொழி ஆசிரியர் மட்டும் இதைச் செய்தால் போதாது என்பதற்கு அந்நாட்டு நாணயமே எடுத்துக்காட்டு. 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா தன் பழைய நாணயமான கூனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. ஒரு யூரோவுக்கு 7.53450 கூனா என்று மாற்றுவீதம் நிர்ணயித்தார்கள். மாற்றுவீதத்தைக் கணக்கு ஆசிரியர் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் கூனா பெண்பால், யூரோ ஆண்பால். ஒரு கூனாவுக்கு 'யெட்னா', ஒரு யூரோவுக்கு 'யெடான்'. இரண்டு கூனாவுக்கு 'ட்வியே', இரண்டு யூரோவுக்கு 'ட்வா'. சில்லறைக் காசான லீபா பெண்பால், அதன் இடத்துக்கு வந்த சென்ட் ஆண்பால். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு வாய்க்கணக்கிலும் எண்ணுப்பெயர் மாறியது. யூரோ 'ஓ'வில் முடிவதால் ஈற்று விதியை நம்பிய குழந்தை அதை நடுப்பால் என்று நினைத்து 'யெட்னோ' என்று சொல்லலாம். அப்போது திருத்தப்போவது மொழி ஆசிரியரா, கணக்கு ஆசிரியரா? இருவரும்தான். பால் பாடம் கணக்கு வகுப்பிலும் நடக்கிறது.

மேல் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. வேற்றுமை வரும்போது ஆண்பாலுக்குள்ளேயே இன்னொரு பிரிவு தோன்றும். 'மேசையைப் பார்க்கிறேன்' என்னும்போது ஸ்தோல் மாறாது. நாயையோ ஆசிரியரையோ பார்த்தால் அந்தச் சொல்லின் வடிவம் மாறும். உயிருள்ளதா, இல்லையா என்பது அங்கே கணக்கு. நாமும் மேசை வாங்கினேன் என்று உருபில்லாமல் சொல்வோம். ஆசிரியர் பார்த்தேன் என்று சொல்ல மாட்டோம், ஆசிரியரைப் பார்த்தேன் என்போம். பொருளை வைத்துப் பிரிக்கும் நம் பழக்கம் அங்கேயும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. ஆனால் இதைச் சின்ன வகுப்பில் திணிக்கக் கூடாது. பெட்டிகள் மூன்றும் மனத்தில் உறுதியாக நின்ற பிறகே நான்காவது கேள்வி வர வேண்டும்.

வட்டார வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோஷிய மொழியில் மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. 'என்ன' என்பதற்கு ஒரு பகுதியில் 'காய்', ஒரு பகுதியில் 'ச்சா', ஒரு பகுதியில் 'ஷ்தோ'. அந்த வழக்குகளின் பெயர்களே இந்தச் சொற்களிலிருந்து வந்தவை. மாலை வணக்கத்தை 'டோபர் வெச்செர்' என்று ஆண்பாலாகச் சொல்வோர் அங்கே நிறையப் பேர். கார் என்ற 'அவுதோ'வைப் பேச்சில் நடுப்பாலாக்குவோரும் உண்டு. எழுத்து வழக்கில் அது ஆண்பால். வீட்டில் அப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தையிடம், உன் அம்மா பேசுவது தவறு என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டில் இப்படி, எழுதும்போது இப்படி என்றால் போதும். பேச்சுத்தமிழோடு வரும் பிள்ளைகளை எழுத்துத்தமிழுக்கு அழைத்துப் போகும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, மதிப்பீடு. "கீழ்க்கண்ட பத்துச் சொற்களின் பாலை எழுதுக" என்று கேட்பது ஆசிரியருக்கு எளிது, திருத்துவதும் எளிது. ஒரு குழந்தை பத்துக்குப் பத்து எழுதிவிட்டு வெளியே போய், 'மோய் தோர்பா எங்கே?' என்று கேட்கலாம். இன்னொரு குழந்தை நாள் முழுதும் சரியாகப் பேசிவிட்டுத் தாளில் 'மாலை'க்கு ஆண்பால் என்று எழுதி மதிப்பெண் இழக்கலாம். யாருக்கு மொழி வந்திருக்கிறது? பெயர் சூட்டுவதை மட்டும் சோதிக்கும் தாள் இரண்டாவது குழந்தைக்கு அநீதி செய்கிறது. முதல் குழந்தையையும் ஏமாற்றுகிறது. "என் ____ விழுந்தது" என்று ஒரு வாக்கியம் சொல்ல வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

குரோஷியாவில் கற்றதை நம் வகுப்புக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. நம் மொழியின் அமைப்பு வேறு. ஆனால் நம் வகுப்பிலும் தெலுங்கு பேசும் வீட்டிலிருந்தும், உருது பேசும் வீட்டிலிருந்தும், வேலை தேடி வந்த இந்திக் குடும்பத்திலிருந்தும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் எழுவாய்க்குப் பொருந்தாத வினைமுற்றைச் சொல்லும்போது, அது எந்த மொழியின் ஒழுங்கிலிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசியுங்கள். பிறகு, சரியான வாக்கியத்தை முழுதாக, பேச்சோடு பேச்சாக, அந்தப் பிள்ளையின் காதில் போடுங்கள். விதியை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.